இடி முழக்கத்தின் அட்மின்

மார்ச் 3, திங்கள்

பிரஷர் 148/94.

டாக்டர் சொன்னாரே என்பதற்காக எழுதுகிறேன். "கோபம் வந்தா யார்கிட்டயும் காட்டாதீங்க, ஒரு நோட்டுல எழுதிருங்க. தினம் காலைல பிரஷர் பாத்து அதையும் குறிங்க" என்றார். ஐந்து நிமிடம்கூட என் முகத்தை அவர் பார்க்கவில்லை. நான் கோபக்காரன் என்று எப்படித் தெரியும்? கூட வந்த மகள்தான் போட்டுக் கொடுத்திருக்கிறாள்.

சரி, ஒழுங்காகவே தொடங்குவோம். பெயர் இசக்கியப்பன். வயது நாற்பத்தாறு. பாளையங்கோட்டையில் வீடு வீடாகப் போய் கரண்ட் மீட்டர் கணக்கெடுக்கிற உத்தியோகம். மனைவி செல்வராணி மஸ்கட்டில் நர்ஸ். வீட்டில் நானும் மகள் காந்திமதியும்தான். மதி கல்லூரியில் இரண்டாம் வருடம்.

இன்றைய கோபம்: இடிமாறன் படம் திரும்பி வருகிறதாம், இருபத்தோரு வருடம் கழித்து. செய்தியைப் பார்த்ததும் வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டு அழுதேன். அது கோபத்தில் சேராது. முதல் பாகம் வந்தபோது எனக்கு இருபது வயது. பதினெட்டு தடவை பார்த்தேன். மின்னலைக் கையில் பிடித்து எதிரி மேல் எறிகிற காட்சியில் தியேட்டரே எழுந்து நிற்கும். இரண்டாம் பாகம் அதற்கும் மேல். மூன்றாம் பாகம் ஊத்திக்கொண்டது, அதோடு கதை முடிந்தது என்றார்கள். நான் நம்பவில்லை. இத்தனை வருடம் காத்திருந்தேன்.

மாலையில் போஸ்டர் வந்தது. கறுப்பு முகமூடி போட்டுக்கொண்டு நிற்பது இடிமாறனாக நடித்த ஆதிகேசவன் அண்ணன் இல்லை. ஒரு பெண்! இடிமாறனுடைய மகளாம். முகமூடி என்ன, அப்பன் பேரில் இருக்கிற ரேஷன் கார்டா, பெயர் மாற்றிக்கொள்ள?

மார்ச் 4, செவ்வாய்

பிரஷர் 152/96. கோபம் நேற்றைய அதே கோபம்தான்.

மார்ச் 7, வெள்ளி

பிரஷர் 150/94.

ராத்திரிச் சாப்பாட்டில் தோசைக்குச் சட்னி வைத்துக்கொண்டே மதி கேட்டாள்: "யப்பா, படமே வரல. அதுக்குள்ள ஏன் இந்தக் குதி குதிக்கிய?"

"ஒனக்கு என்னட்டி தெரியும்? நீ பொறக்கதுக்கு முன்னாடி வந்த படம்."

"எல்லாப் பாகமும் பாத்தாச்சுப்பா. நீங்கதான் அஞ்சு வயசுலயே மடியில வச்சுக் காட்டுனிய. இடிமாறனுக்கு மகள் இருந்தா அவ மாஸ்க் போடக் கூடாதா? சக்தி ரத்தத்துலதானே வருது? ரெண்டாம் பாகத்துல அவரே சொல்லுவாரே."

"அது வேற, இது வேற."

"எப்படி வேற?"

"சாப்பிடுட்டி, தோசை ஆறிப்போவுது" என்றேன். வாய்க்கு வாய் பேசுகிற பழக்கம் அவளுக்கு அம்மாவிடமிருந்து வந்தது.

மார்ச் 9, ஞாயிறு

பிரஷர் 154/96.

ஒரு விஷயம் இதில் எழுதித்தான் ஆக வேண்டும். இணையத்தில் 'இடி முழக்கம்' என்று ஒரு பக்கம் உண்டு. முப்பத்தோராயிரம் பேர் பின்தொடர்கிறார்கள். அதை நடத்துவது நான். ஏழு வருடமாக நடத்துகிறேன். இது தெரிந்த ஒரே ஆள் சுடலைமணி. பழைய ரசிகர் மன்றத்தில் அவன் தலைவர், நான் செயலாளர். இப்போது சமாதானபுரத்தில் மொபைல் கடை வைத்திருக்கிறான். அலுவலகத்தில் தெரிந்தால் கேலி செய்வார்கள். மதிக்குத் தெரிந்தால் கேலி மட்டும் செய்ய மாட்டாள், வகுப்பே எடுப்பாள். அதனால் யாருக்கும் சொல்வதில்லை.

இன்றைக்குப் பதிவு போட்டேன்: 'மகளை வைத்துப் படமெடுத்தால் புறக்கணிப்போம்.' நாலாயிரம் பேர் ஆதரவு. இடையில் ஒன்று, 'மழைக்குறி' என்ற பெயரில் வந்து எழுதுகிறது: 'இரண்டாம் பாகத்தில் சக்தி ரத்தத்தில் வருகிறது என்று இடிமாறனே சொல்கிறார். அட்மினுக்கு மறதியா?'

இந்தக் காலத்துப் பிள்ளைகள் எல்லாம் ஒரே மாதிரிதான் பேசுகின்றன. இது கம்பெனிக்காரன் கூலிக்கு வைத்த ஆள் என்று பதில் எழுதினேன்.

மார்ச் 14, வெள்ளி

பிரஷர் 158/98.

டீசர் வந்தது. ஒரு நிமிடம் பன்னிரண்டு விநாடி. டிகோடிங் செய்து போட்டேன். டிகோடிங் என்றால் ஒவ்வொரு பிரேமாக நிறுத்தி, பின்னணியில் என்ன இருக்கிறது, சுவரில் என்ன ஒட்டியிருக்கிறது, கடிகாரத்தில் மணி என்ன என்று துப்பறிவது. இதில் எனக்குத் தமிழ்நாடு முழுக்கப் பெயர் உண்டு. பின்னே, இருபது வருடமாக வீட்டு வாசல்களையே பார்த்துப் பார்த்து வாழ்கிற கண் இது.

அந்த நடிகையைப் பற்றியும் நாலு வரி எழுதினேன். கொஞ்சம் காரம். ஆறாயிரம் பேருக்குப் பிடித்தது. அதை இங்கே திரும்ப எழுத வேண்டாம்.

மார்ச் 20, வியாழன்

பிரஷர் 164/100. மாத்திரையை மறந்துவிட்டேன்.

மானம் போயிற்று. முதல் பாகத்தில் அந்த முகமூடியைத் தைத்துக் கொடுத்தது இடிமாறனுடைய அம்மா என்று எழுதியிருந்தேன். அந்த மழைக்குறி வந்து, 'அம்மா இல்லை, அக்கா. நாற்பத்தோராவது நிமிடம் பாருங்கள். பெண் தைத்த முகமூடியைப் போடலாம், பெண் போடக் கூடாதோ?' என்று படத்தோடு போட்டது. பார்த்தேன். அக்காதான். பதினெட்டு தடவை பார்த்தவன் நான்!

என் பக்கத்திலேயே என்னைப் பார்த்து இரண்டாயிரம் பேர் சிரித்துவிட்டுப் போனார்கள். மதியிடம் காரணமில்லாமல் எரிந்து விழுந்தேன். வரும்போதே சிரித்துக்கொண்டு வந்தாள், அதனால்தான்.

"எங்கட்டி போய்ட்டு வார?"

"பெனிட்டா வீட்டுக்குப்பா. செமஸ்டர் வருதுல்லா, சேந்து படிக்கோம்."

"படிக்கப் போன எடத்துல என்ன சிரிப்பு?"

"சிரிச்சாலும் குத்தமா?" என்று கதவைச் சாத்திக்கொண்டாள்.

மார்ச் 23, ஞாயிறு

பிரஷர் பார்க்கவில்லை.

சிக்கியது! மழைக்குறி இன்று ஒரு படம் போட்டிருக்கிறது: மொட்டைமாடிக் கொடியில் தானே தைத்த கறுப்பு முகமூடி ஒன்று காய்கிறது. 'முதல் நாள் முதல் காட்சிக்குத் தயார்' என்று ஒரு வரி. ஆளைக் காணோம், முகம் இல்லை.

ஆனால் முகமூடிக்குப் பின்னால் நீலத் தண்ணீர்த் தொட்டி. தொட்டிக்குப் பின்னால் ஒரு கரண்ட் கம்பம், மஞ்சள் பெயிண்டில் பாதி மட்டும் தெரிகிற நாற்பத்தேழு. கம்பத்தில் வேப்பங்கிளை உரசாமல் இருக்கக் கட்டிய பச்சைக் குழாய். அந்தக் குழாயைக் கட்டச் சொன்னதே நான்தான். தேவமாதா தெரு! என் லைன்! இரண்டு மாதத்துக்கு ஒரு தடவை அந்த வீட்டு கேட்டைத் தட்டுகிறவன் நான்.

எங்கோ சென்னையில் இருந்து கூலிக்கு எழுதுகிறவன் என்று நினைத்தால், என் ஊரில், என் கம்பத்துக்குக் கீழே உட்கார்ந்துகொண்டு என்னைப் பார்த்துச் சிரிக்கிறது.

பதிவு போட்டேன்: 'மழைக்குறியை டிகோட் செய்துவிட்டோம். பாளையங்கோட்டை, தேவமாதா தெரு, கம்பம் 47, நீலத் தொட்டி.' வீட்டு எண் போடவில்லை. பெயரும் போடவில்லை. எது சொல்லலாம், எது சொல்லக் கூடாது என்று எனக்குத் தெரியும்.

மார்ச் 24, திங்கள்

பிரஷர் 160/98.

பதினோராயிரம் பேர் பார்த்திருக்கிறார்கள். 'தலைவா, நீங்க வேற லெவல்' என்று வந்துகொண்டே இருக்கிறது. நம் ஊர்ப் பையன்கள் சிலர், 'சனிக்கிழமை நேர்ல போய் வாழ்த்து சொல்லிட்டு வாரோம்' என்று எழுதியிருக்கிறார்கள்.

சுடலைமணி போன் போட்டான். "ஏல, கோட்டி புடிச்சிருக்கா ஒனக்கு? அட்ரஸ எதுக்குப் போட்ட? அத எடுத்துரு."

"அட்ரஸா அது? ஒரு கம்பத்து நம்பரு."

"அந்தக் கம்பம் எங்க நிக்குன்னு ஊருக்கே சொல்லிட்டு... இந்தப் பயலுவ நம்ம காலத்துப் பயலுவ இல்ல மக்கா. கட் அவுட்டுக்கு மாலை போட்டுட்டு வீட்டுக்குப் போறவனுவ இல்ல."

எடுத்துவிடலாம் என்றுதான் நினைத்தேன். எடுத்தால் மழைக்குறிக்குப் பயந்துவிட்டேன் என்பார்கள். இரண்டு நாள் கழித்துப் பார்ப்போம்.

மார்ச் 27, வியாழன்

பிரஷர் 156/96.

தண்ணீர் மோட்டார் மறுபடி மக்கர். மாவு அரைத்தேன். செல்வராணி வீடியோவில் வந்தாள். மதியைப் பற்றிக் கேட்டாள். "நல்லாப் படிக்கா" என்றேன். "எங்க போறா, யார்கூடப் பழகுதான்னு பாத்துக்கோங்க" என்றாள். "எல்லாம் பாத்துட்டுதான் இருக்கேன், ஒனக்கென்ன?" என்றேன்.

பதிவை இன்னும் எடுக்கவில்லை.

மார்ச் 29, சனி

எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

பகல் பதினொன்றரைக்கு நான் கோட்டூர் ரோட்டில் கணக்கெடுத்துக்கொண்டிருந்தேன். சுடலைமணி போன்: "ஏல, ஆறு பேரு என் கடைக்கு முன்னாடிதான் சேந்தானுவ. கையில கரி ஆயில் டப்பா. தேவமாதா தெருவுக்குக் கெளம்பிட்டானுவ. போய் என்னன்னு பாரு."

போனேன். பயந்து போகவில்லை, உண்மையைச் சொல்கிறேன். அந்த மழைக்குறியின் முகத்தைப் பார்க்கலாம் என்றுதான் வண்டியை முறுக்கினேன். பயல்கள் நாலு சத்தம் போடுவான்கள், அது வெளியே வந்து மன்னிப்புக் கேட்கும், நான் மீட்டர் பார்க்கிறவனாக ஓரமாக நின்று வேடிக்கை பார்க்கலாம் என்று நினைத்தேன்.

தெருமுனையில் திரும்பினால் கேட்டுக்கு முன்னால் மூன்று பைக். ஒருவன் சிவப்பு டீ-ஷர்ட். கேட்டுக்குள் நிறுத்தியிருந்த ஸ்கூட்டர் மேல் டப்பாவைச் சரித்துக்கொண்டிருந்தான். சாம்பல் நிற ஸ்கூட்டர். அதன் முன்பக்கம் ஒட்டிய காந்திமதி அம்மன் படத்தின் மேல் கரி ஆயில் வழிந்தது. ஆயுத பூஜையன்று அந்தப் படத்தை ஒட்டியது நான்.

வாசலில் இரண்டு பெண்கள். ஒருத்தி, நான் போகும்போதெல்லாம் கேட்டைத் திறந்துவிடுகிற பெண். இன்னொருத்தி மதி.

"மாஸ்க் போட்டு வாட்டி வெளிய! மழைக்குறி! இடிமாறன் மவளே!" என்று கத்துகிறான்கள். ஒருவன் போனை மதியின் முகத்துக்கு நேரே கேட்டுக் கம்பிக்குள் நீட்டிப் படம் பிடிக்கிறான். அவள் இரண்டு கையாலும் முகத்தை மூடுகிறாள். இன்னொருவன் கேட்டை உலுக்குகிறான். என் பிள்ளை "போங்கண்ணா, ப்ளீஸ், போங்கண்ணா" என்கிறாள். வாய்க்கு வாய் பேசுகிற என் பிள்ளை.

நான் ஓடியிருக்க வேண்டும். ஓடவில்லை. ஓடினால் "நான்தாம்ல அட்மின், போங்கல" என்று சொல்ல வேண்டியிருக்கும். அதை மதி கேட்பாள். டிரான்ஸ்ஃபார்மர் வேலிக்குப் பின்னால் ஒதுங்கி, போனை எடுத்து, என் பக்கத்தில் எழுதினேன்: 'தேவமாதா தெருவுக்கு போலீஸ் வருகிறது. உடனே கிளம்பவும். அட்மின் உத்தரவு.'

ஆறு போனும் சத்தம் கொடுத்தன. பார்த்தான்கள். "தலைவர் சொல்லிட்டாருல, வாங்கல" என்று சிவப்பு டீ-ஷர்ட் சொன்னான். போய்விட்டான்கள்.

இருபது வரை எண்ணினேன். பிறகு ஓடினேன். மதி என் சட்டையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். "யப்பா... யப்பா... கரெக்டா வந்துட்டியப்பா..."

அந்தப் பெண் என்னையே பார்த்தாள். "மீட்டர் அங்கிளா உன் அப்பா?"

பெனிட்டா வீடு இதுதான். தோசைத் தட்டுக்கு முன்னால் கேட்டதையே என் பக்கத்திலும் வந்து கேட்ட மழைக்குறி என் மகள்தான். நாலாயிரம் வீட்டு மீட்டர் எங்கே மாட்டியிருக்கிறது என்று எனக்குத் தெரியும். என் மகள் தினமும் சாயங்காலம் எந்த வீட்டுக்குப் போகிறாள் என்று ஒரு தடவையாவது கேட்டிருக்கிறேனா?

"எப்படிப்பா வந்திய?" என்றாள் மதி.

"ரீடிங் எடுக்க வந்தேம்மா."

"அங்கிள், போன வாரந்தானே எடுத்தீங்க?" என்றாள் பெனிட்டா.

"ஒரு மீட்டர்ல சந்தேகம்" என்றேன்.

இன்னொன்று. 23ஆம் தேதி பதிவு போட்டபோது அந்த வீட்டில் காலேஜ் படிக்கிற பெண் இருக்கிறது என்று எனக்குத் தெரியும். முகம்கூடத் தெரியும். அதை அன்று இதில் எழுதவில்லை. இப்போது எழுதுகிறேன்.

மார்ச் 30, ஞாயிறு

பதிவை எடுத்துவிட்டேன். இன்றைக்கு எடுத்து என்ன பிரயோஜனம்? அந்த வீடியோ எல்லா இடத்திலும் ஓடுகிறது. 'இடி முழக்கம் தலைவர் கொடுத்த க்ளூ' என்று தலைப்பு வேறு. கீழே எழுதியிருப்பதை எல்லாம் வாசித்தேன். என் பிள்ளையைப் பற்றி. பெரும்பாலும் நான் அந்த நடிகையைப் பற்றி எழுதிய அதே வார்த்தைகள். வாந்தி எடுத்தேன். பிரஷர் என்று நினைத்து மதி எலுமிச்சம்பழம் பிழிந்து கொடுத்தாள்.

ஏப்ரல் 2, புதன்

மதி மூன்று நாளாகக் கல்லூரிக்குப் போகவில்லை. ஜன்னலைத் திறப்பதில்லை. ஸ்கூட்டரை மண்ணெண்ணெய் போட்டு நான்தான் துடைத்தேன். காந்திமதி அம்மன் முகம் தெளியவில்லை.

சாப்பிடும்போது சொன்னாள்: "எனக்கு இடிமாறன் நீங்கதாம்ப்பா. ஒத்த ஆளா வந்து நின்னிய பாத்தியளா, ஆறு பேரும் ஓடிட்டானுவ."

அவர்கள் ஓடிய பிறகுதான் நான் வந்தேன் என்பதைக்கூட அவள் கவனிக்கவில்லை. எழுந்து கை கழுவப் போய்விட்டேன். குழாயைத் திறந்துவிட்டு அழுதேன்.

ஏப்ரல் 5, சனி

பிரஷர் 176/106.

பெனிட்டா வீட்டுக்கு வந்தாள். இருவரும் கூடத்தில் உட்கார்ந்து பேசுவது அடுப்படியில் நன்றாகக் கேட்டது.

"எனக்கு ஒண்ணு மட்டும் புரியல மதி" என்றாள் பெனிட்டா. "கம்பத்து நம்பர் யாருக்குத் தெரியும்? பொறந்ததுல இருந்து அந்த வீட்ல இருக்கேன், எனக்கே தெரியாது. படத்துல பாதி நம்பர்தான் தெரியுது. அத வச்சு தெருவையே சொல்லிருக்கான்னா, அவன் கரண்ட் ஆபீஸ் ஆளுதான்."

பால் பொங்கி அடுப்பில் வழிந்தது. நான் அணைக்கவில்லை.

"யப்பா!" என்று மதி ஓடி வந்தாள். "உங்க ஆபீஸ்ல அந்த ஏரியா பாக்கது யாரு? உங்களத் தவிர?"

"நான்... நான் லீவு போட்டா சங்கரலிங்கம் பாப்பான்."

"சங்கரலிங்கமா? பைக்ல இடிமாறன் ஸ்டிக்கர் ஒட்டிருப்பாரே, அந்த அண்ணனா?"

நான் அடுப்பை அணைக்கத் திரும்பினேன். அதை ஆமாம் என்று அவள் எடுத்துக்கொண்டாள்.

"அவருதாம்ப்பா! நான் போலீஸ்ல கம்ப்ளெயிண்ட் குடுக்கப் போறேன். பதினொண்ணாம் தேதி பரீட்சை முடியுது. படமும் அன்னைக்குத்தான். பாத்துட்டு, மறுநாள் காலைல போறோம். நீங்களும் வரணும்."

"பாவம்ட்டி அவன், பச்சப்புள்ளக்காரன்..."

"நான் பாவம் இல்லையாப்பா?" என்றாள்.

ஏப்ரல் 8, செவ்வாய்

அலுவலகத்தில் சங்கரலிங்கம் எனக்கும் சேர்த்து டீ வாங்கி வந்தான். மகளுக்குப் பல் முளைத்திருக்கிறதாம், போட்டோ காட்டினான். "அண்ணாச்சி, ஏன் ஒரு மாதிரி இருக்கிய?" என்றான். டீயை அப்படியே மேஜையில் வைத்துவிட்டு லைனுக்குக் கிளம்பினேன்.

இவன் மேல் மனு போனால் முதலில் வேலை போகும். அது மட்டும் நிச்சயம். நான் வாயைத் திறக்காவிட்டால் நான் தப்பிப்பேன். அதுவும் நிச்சயம்.

ஏப்ரல் 11, வெள்ளி

இடிமாறன் வெளியாகிவிட்டது. பரீட்சை மதியமே முடிந்துவிட்டது என்று மதி இரண்டரை மணிக் காட்சிக்கு இரண்டு டிக்கெட் எடுத்திருந்தாள். ஒன்று எனக்கு. "உங்களுக்கு நன்றிப்பா" என்றாள். கொடியில் காய்ந்த அந்த முகமூடியைப் பையில் வைத்திருந்தாள். போடவில்லை.

படத்தைப் பற்றி எழுத வேண்டுமே. முதல் பாதி கொஞ்சம் இழுவை. வில்லன் சரியில்லை. ஆனால் ஆதி அண்ணன் வருகிறார். கிழவராக, ஆஸ்பத்திரியில் லிஃப்ட் இயக்குகிறவராக, நரைத்த தாடியோடு. மழையில் மின்னல் வெட்டுகிறது, அவர் பழைய மாதிரி கையை நீட்டுகிறார், கையில் ஒன்றும் வந்து சேரவில்லை. அப்படியே படியில் உட்கார்ந்துவிடுகிறார். தியேட்டரில் ஒரு சத்தம் இல்லை. பின்னால் இருந்து அந்தப் பெண் கையை நீட்டிப் பிடிக்கிறாள் மின்னலை. நான் எழுந்து நின்றுவிட்டேன். நாற்பத்தாறு வயதில், இருபது வயதுப் பயல் மாதிரி விசில் அடித்தேன். எவ்வளவு நல்ல படம்! பார்க்காத படத்தின் மேல் ஆறு வாரமாக இவ்வளவு விஷத்தைக் கக்கியிருக்கிறேனே, நான் எல்லாம் ஒரு ரசிகனா?

இடைவேளையில் விளக்குப் போட்டார்கள். முன்வரிசையில் நாலைந்து பேர் எழுந்து கத்தினார்கள்: "இடி முழக்கம் தலைவர் வாழ்க! அட்மின் அண்ணன் வாழ்க!" சிவப்பு டீ-ஷர்ட் குரல். இன்று வேறு சட்டை.

மதி என் கையைப் பிடித்தாள். சீட்டில் வழுக்கிக் கீழே இறங்கி, துப்பட்டாவை முகத்தில் சுற்றிக்கொண்டாள். "யப்பா, அவனுவதான். என்னப் பாத்துருவானுவளா? போயிரலாமாப்பா?"

அவர்கள் கூப்பிட்ட ஆள் அவள் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறான். அவனுடைய கையைத்தான் பத்திரம் என்று பிடித்துக்கொண்டிருக்கிறாள்.

இரண்டாம் பாதி பார்க்காமல் வந்துவிட்டோம். இருபத்தோரு வருடம் காத்திருந்த படத்தைப் பாதியில் விட்டுவிட்டு வந்தேன். அதற்கு வருத்தமே வரவில்லை.

வீட்டுக்கு வந்ததும் 'இடி முழக்கம்' பக்கத்தை அழிக்கப் போனேன். பொத்தானுக்குப் பக்கத்தில் விரல் போனதும் நிறுத்தினேன். அழித்தால் சாட்சியும் அழிந்துவிடும். யாருக்கு லாபம்? எனக்குத்தான். அழிக்கவில்லை.

ஏப்ரல் 12, சனி

மதி கீழே வண்டியோடு நிற்கிறாள். ஐந்து நிமிடம் கேட்டிருக்கிறேன், இதை எழுத.

காலையில் தலை குளித்துவிட்டு வந்தாள். நாலு வெள்ளைத் தாளை மேஜையில் வைத்தாள். "யப்பா, நீங்களே எழுதுங்க. எனக்கு ஆபீஸ் தமிழ் வராது. உங்களுக்குத்தான் நல்லா வரும்."

வரும். ஏழு வருடம் எழுதிப் பழகிய கை.

அவள் சொல்லச் சொல்ல எழுதினேன். அனுப்புநர்: இ. காந்திமதி, கதவு எண் ஒன்பது, பிள்ளையார் கோவில் மேலத் தெரு. பெறுநர்: காவல் ஆய்வாளர் அவர்கள். நாள், நேரம், கரி ஆயில், வீடியோ, அதன் கீழே வந்த வார்த்தைகள். அந்த வார்த்தைகளைச் சொல்லும்போது சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். ஒன்றையும் விடாமல் எழுதினேன். கடைசியில், முகவரியை வெளியிட்டு இதற்கெல்லாம் தூண்டுதலாக இருந்த 'இடி முழக்கம்' பக்கத்தை நடத்தும் நபர் என்ற இடம் வந்தது.

"சங்கரலிங்கம் அண்ணன் அட்ரஸ் உங்களுக்குத் தெரியும்லா? போடுங்க. நான் தலையச் சீவிட்டு வாரேன்" என்று உள்ளே போனாள்.

தலை சீவிவிட்டு வருவதற்கு எவ்வளவு நேரம் ஆகும்? மூன்று நிமிடம்? அந்த மூன்று நிமிடத்தில் மஸ்கட்டுக்கு டிக்கெட் போட்டு ஓடிவிடலாமா என்றுகூட நினைத்தேன். பேனாவைத் திறந்தேன். எழுதினேன். மை சிந்தவில்லை, கோணவில்லை, நல்ல எழுத்தாக எழுதினேன்.

அவள் வந்து தாளை எடுத்தாள். நின்றபடி மேலிருந்து வாசித்துக்கொண்டு வந்தாள். கடைசிப் பக்கத்தில் நின்றாள்.

"யப்பா, அட்ரஸத் தப்பா எழுதிட்டிய. இது நம்ம வீட்டு அட்ரஸ்லா."

"தப்பா எழுதல மதி."

"கதவு எண் ஒன்பது, பிள்ளையார் கோவில்..."

"அதுக்கு மேல பேரு இருக்குல்லா. அதையும் வாசி."

வாசித்தாள். என்னைப் பார்க்கவில்லை. தாளைத்தான் பார்த்தாள். முதல் பக்கத்துக்குப் போய் முழுவதையும் இன்னொரு தடவை வாசித்தாள், அவள் சொல்லி நான் எழுதிய அந்த வார்த்தைகள் உட்பட. சுவரில் மின்விசிறி நிழல் ஓடிக்கொண்டிருந்தது. அவள் திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

பேனாவுக்குக் கையை நீட்டினாள். கொடுத்தேன். கீழே கையெழுத்துப் போட்டாள்.